பூனை முடில கூட நிம்ஃப் கட்டலாம், ஆனா கம்மியா போடுங்க

டப்பிங்னு சொன்னா நம்ம ஆளுங்களுக்கு படத்துக்கு குரல் குடுக்குறதுதான் ஞாபகம் வரும். என் வீட்டுக்காரியும் அப்படித்தான், ஒரு ஞாயித்துக்கிழமை காலைல டப்பிங் பண்ணிட்டு இருக்கேன் பேன கொஞ்சம் ஆஃப் பண்ணுன்னு சொன்னதுக்கு எந்த படத்துக்குன்னு கேட்டா. இது வேற டப்பிங்லா. மிருகத்தோட முடிய எடுத்து, மெழுகு தடவின நூல்ல திரிச்சு, அந்த நூல தூண்டி முள்ளு மேல சுத்தி பூச்சியோட உடம்பு மாதிரி கொண்டு வர்றது. மீன ஏமாத்த இப்படி முள்ளுல கட்டுற போலி பூச்சிக்கு ஃபிளைன்னு பேரு, அதுல ஒரு வகைதான் நிம்ஃப்.

பினாங்குல உக்காந்துகிட்டு ட்ரௌட்டுக்கு ஃபிளை கட்டுறியேன்னு சிரிக்காத ஆள் இல்ல. நம்ம ஊர் தண்ணி சூடு, ட்ரௌட் குளிர்ந்த தண்ணி மீன், இங்க ஆத்துல கிடையாது, சரிதான். ஆனா நீலகிரி, மூணாறு, நுவரெலியா பக்கம் வெள்ளைக்காரன் காலத்துல கொண்டு வந்து விட்ட ட்ரௌட் இருக்கு, நான் போறது நியூசிலாந்து, தௌப்போ ஏரில வந்து சேர்ற தொங்காரிரோ ஆறு. ரெண்டு தடவை போயிருக்கேன். நடுவுல வர்ற வருஷமெல்லாம் ராத்திரி ஷிப்ட் முடிச்சு வந்து கட்டி கட்டி பெட்டில அடுக்குறதுதான் வேலை.

நிம்ஃப்னா என்னன்னு ஒரு வார்த்தை. மேஃபிளைன்னு ஒரு பூச்சி இருக்கு, றெக்கை முளைச்சு வெளிய வந்தா பெரும்பாலும் ஒரு நாள் ரெண்டு நாள்தான் வாழும், அதுக்கு முன்னாடி மாசக்கணக்குல, சிலது வருஷம் தாண்டியும், தண்ணிக்கு அடில கல்லுக்கு நடுவுல புழு மாதிரி ஊர்ந்துட்டு கிடக்கும். அந்த தண்ணிக்குள்ள இருக்குற பருவம்தான் நிம்ஃப், அது மாதிரி கட்டுற ஃபிளைக்கும் அதே பேரு. ட்ரௌட் மேல வந்து பூச்சிய புடிச்சு திங்கிறது பாக்க அழகா இருக்கும், ஆனா அது வயித்த நிரப்புறது பெரும்பாலும் அடில. அந்த பூச்சி வயித்து ரெண்டு பக்கமும் பூ இதழ் மாதிரி செவுள் இருக்கும், அது துடிச்சுகிட்டே இருக்கும். முடில கட்டுற காரணமே அதுதான், தண்ணிக்குள்ள முடி அசையும், சின்ன சின்ன காத்து குமிழ புடிச்சு வெச்சுக்கும், வெளிச்சம் பட்டா மினுங்கும். வழவழன்னு பிளாஸ்டிக்ல கட்டினா அது கிடைக்காது.

இப்ப முடி. இங்கதான் எல்லாரும் கோட்ட விடுறாங்க, அதனால இத கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

எந்த மிருகத்த எடுத்தாலும் ரெண்டு வகை முடி இருக்கும். தோலோட ஒட்டி பஞ்சு மாதிரி மெல்லிசா இருக்குறது ஒண்ணு, அத நான் பஞ்சு முடின்னு சொல்லுவேன். அதுக்கு மேல நீளமா, விறைப்பா, பளபளன்னு நிக்கிறது இன்னொண்ணு, அது கம்பி முடி. பஞ்சு முடி நூல புடிச்சுக்கும், உடம்ப நிரப்பும். கம்பி முடி அங்கங்க குத்திகிட்டு நின்னு கால், செவுள் மாதிரி காட்டும். பஞ்சு மட்டும் போட்டா ஃபிளை பஞ்சு மிட்டாய் மாதிரி ஆயிரும், கம்பி மட்டும் போட்டா நூல்ல நிக்கவே நிக்காது, உருவிட்டு வந்துரும். ரெண்டு பங்கு பஞ்சுக்கு ஒரு பங்கு கம்பின்னு நான் போடுறேன், நெஞ்சு பகுதிக்கு மட்டும் பாதிக்கு பாதி.

இந்த வேலைக்கு பேர் போனது காட்டு முயலோட மூஞ்சி தோல், காதோட சேத்து விப்பாங்க. காதுல இருக்குறது குட்ட முடி, ரொம்ப விறைப்பு, கன்னத்துல இருக்குறது மெத்துனு இருக்கும், ஒரே தோல்ல கருப்பு, பழுப்பு, சாம்பல், மஞ்சள்னு நாலஞ்சு கலர் கிடைக்கும். ஒரு மூஞ்சி வாங்கினா வருஷக்கணக்குல வரும். ஆன்லைன்ல பாக்கெட் டப்பிங் வாங்குறீங்கன்னா ஒரு சிட்டிகைய எடுத்து கொளுத்தி பாருங்க. நிஜ முடின்னா தலைமுடி கருகுற நாத்தம் வரும், சாம்பல விரல்ல நசுக்கினா தூளாகும். பிளாஸ்டிக் கலந்ததுன்னா உருகி கெட்டியா உருண்டையாகும். முயல் முடின்னு படம் போட்ட பாக்கெட் ஒண்ணு வாங்கி கொளுத்தி பாத்தேன், அரிசி அரிசியா உருண்டுச்சு, காசு போச்சு.

காசு செலவு பண்ண இஷ்டம் இல்லன்னா வீட்டுல தேடுங்க. முயல் வளக்குறவங்க இங்க நிறைய பேரு, முடி கொட்டுற நேரத்துல சீப்பு போட்டா கை நிறைய வரும். நாய் குளிப்பாட்டுற கடைல கேட்டா கூட்டி தள்ளுறத ஒரு பிளாஸ்டிக் பைல போட்டு சும்மா குடுப்பாங்க, என்னத்துக்குன்னு ஒரு மாதிரி பாப்பாங்க, அவ்வளவுதான். எங்க வீட்டு பெர்ஷியன் பூனையோட அடி முடி முயலுக்கு சமமா இருக்கு, சாம்பல் கலரு, ஆனா கம்பி முடி கம்மி, அதனால நாய் முடி கொஞ்சம் சேக்கணும். ரோட்டுல அடிபட்டு கிடக்குற மூசாங் (மரநாய்), அணில எல்லாம் மட்டும் தொடாதீங்க, மலேசியால 2010ஆம் வருஷத்து வனவிலங்கு பாதுகாப்பு சட்டம் இருக்கு, பாதுகாக்கப்பட்ட மிருகமா இருந்தா லைசென்ஸ் இல்லாம அதோட தோலோ முடியோ வெச்சிருந்தாலே குத்தம், செத்து கிடந்துச்சுன்னு சொன்னா விட மாட்டாங்க.

இதுல கூச்சமே படக்கூடாது. இங்கிலாந்துல டப்ஸ் இன்டிஸ்பென்சபிள்னு ஒரு பழைய பேர் பெத்த ஃபிளை இருக்கு, அதுக்கு முடி எங்க இருந்துன்னா ஆட்டுக்கிடாவோட விதப்பைல இருந்து. அதுக்கு முன்னாடி என் பூனை முடி எவ்வளவோ மரியாதையான சாமான்.

சேத்த முடிய அப்படியே போடாதீங்க, எண்ணெய் பிசுக்கு இருக்கும். ஒரு ஜாம் போத்தல்ல வெதுவெதுப்பான தண்ணி, பாத்திரம் கழுவுற சோப்பு ஒரு சொட்டு, நறுக்கின முடி எல்லாத்தையும் போட்டு மூடி நல்லா குலுக்குங்க. அழுக்கும் போகும், கலரும் கலந்துரும். நீளமான முடிய முதல்ல ஒண்ணு ஒண்ணரை சென்டிமீட்டருக்கு நறுக்கிடணும், இல்லன்னா சிக்கு விழும். அப்புறம் தேத்தண்ணி வடிகட்டில வடிச்சு, ரெண்டு மூணு தண்ணி அலசி, நியூஸ்பேப்பர்ல பரப்பி காய வைங்க. நல்லா காயணும். நம்ம ஊர் ஈரத்துக்கு மேல காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள ஈரம் இருக்கும், டப்பால போட்டு மூடினா ஒரு வாரத்துல பூசணம். மிக்சில சுத்தினாலும் கலக்கும், நான் ஒரு தடவ சட்னி ஜார்ல சுத்தினேன், அதுக்கப்புறம் நடந்தத இங்க எழுத முடியாது.

காஞ்ச முடி எப்பவும் வெளுப்பா தெரியும், நனைஞ்சா ரெண்டு படி கருப்பாகும். கலர் பாக்கும்போது ஒரு சிட்டிகைய எச்சி தொட்டு நனைச்சு பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

சாமான் ரொம்ப வேணாம். முள்ள கவ்வி புடிச்சு நிறுத்துற வைஸ் ஒண்ணு, நூல் உருளைய மாட்டுற பாபின், கூரான சின்ன கத்திரி, ஒரு ஊசி. பாயான் லெப்பாஸ் பேக்டரில வருஷக்கணக்கா மைக்ராஸ்கோப்ல கண்ண வெச்சு வேலை பாத்தவன் நான், அதனால எனக்கு பூதக்கண்ணாடி போட்ட லைட்டு இல்லாம ஓடாது, உங்களுக்கு கண்ணு நல்லா இருந்தா அது கூட வேணாம். முள்ளு 12 இல்லன்னா 14 நம்பர், நிம்ஃப்னு எழுதியிருக்குற கொஞ்சம் நீள தண்டு உள்ளது. நம்பர் ஏற ஏற முள்ளு சின்னதாகும், முதல் தடவை கட்டுறவங்க 10ல ஆரம்பிங்க, கை பழகட்டும். நூல் 8/0ன்னு போட்ட மெல்லிசு, பழுப்பு இல்லன்னா கருப்பு. பீட், அதாவது கனத்துக்காக முள்ளுல கோக்குற மணி, 12க்கு 3.3 மில்லிமீட்டர், 14க்கு 2.8. பித்தளை பீட் மலிவு, டங்ஸ்டன் அதுக்கு ரெண்டு மடங்கு கனம், தொங்காரிரோ மாதிரி வேகமா ஓடுற ஆத்துல அடிக்கு போய் சேரணும்னா டங்ஸ்டன்தான். செம்பு கம்பி கடைல வாங்க வேணாம், கெட்டுப்போன டேபிள் பேன் மோட்டார பிரிச்சா உள்ள இருக்குற காயில்ல ஆயுசுக்கும் வரும்.

சரி, கட்டலாம்.

முள்ளோட முனைகிட்ட பின்னாடி திரும்பி நிக்கிற கூர பிளையர்ஸ வெச்சு அமுக்கிடுங்க. மீன கழட்டி விடவும் சுலபம், உங்க விரல்ல ஏறினா உருவவும் சுலபம், ஏறும், எல்லாருக்கும் ஒரு நாள் ஏறும். பீட்ல ஒரு பக்கம் ஓட்டை சின்னது, ஒரு பக்கம் பெருசு, சின்ன ஓட்டைய முதல்ல முள்ளு முனைல ஏத்தி, மறுமுனைல வளையமா இருக்குற கண்ணு வரைக்கும் தள்ளுங்க. பீடுக்கு பின்னாடி நூல ஆரம்பிச்சு நெருக்கமா சுத்திகிட்டே வளைவு ஆரம்பிக்கிற இடம் வரைக்கும் போங்க.

வாலுக்கு கம்பி முடி ஒரு சின்ன கத்தை. நுனிய புடிச்சுகிட்டு அடில இருக்குற பஞ்ச விரல்ல உருவி எடுத்துடுங்க, இல்லன்னா வால் தடிச்சுரும். நீளம் தண்டுல பாதி. வாலையும் செம்பு கம்பியையும் சேத்து வெச்சு கட்டுங்க, ரெண்டோட மிச்ச நீளத்தையும் பீட் வரைக்கும் படுக்க வெச்சு அதுக்கு மேலயே நூல சுத்துங்க, அப்பதான் மேடு பள்ளம் வராது. நூல திருப்பி வால் கட்டின இடத்துக்கே கொண்டு வாங்க.

இப்ப பேன ஆஃப் பண்ணுங்க. நிஜமாத்தான் சொல்றேன், சீலிங் பேன் கீழ டப்பிங் பண்ண முடியாது, முடி முழுக்க மூக்குல போகும். பேன நிறுத்தினா வேர்க்கும், வேர்வை விரல்ல இருந்தா முடி விரல்லயே ஒட்டிகிட்டு நூல்ல ஏறாது. அதனால நான் பக்கத்துல ஒரு துணி, கொஞ்சம் குட்டிக்குரா பவுடர் வெச்சுக்குவேன், துடைச்சு துடைச்சு கட்டணும். ஏர்கான் ரூம்னா நல்லது, காத்து நேரா மேசைக்கு வராம பாத்துக்குங்க.

எங்க பாட்டி சாமி விளக்குக்கு திரி திரிப்பாங்க. பஞ்ச இழுத்து, உள்ளங்கைல விபூதி தொட்டுகிட்டு, ஒரே பக்கமா உருட்டுவாங்க. முன்னும் பின்னும் உருட்டினா திரி பிரிஞ்சுரும்டான்னு சொல்லி என் கைல ஒரு தட்டு தட்டுவாங்க. டப்பிங்கும் அதே வேலைதான், விபூதிக்கு பதிலா மெழுகு. தேன்மெழுக நூல்ல ஒரு நாலு சென்டிமீட்டர் நீளத்துக்கு லேசா தேய்ங்க. முடிய ஒரு சிட்டிகை எடுங்க. அதுல பாதிய திருப்பி டப்பால போடுங்க. மிச்சத்துலயும் பாதிய போடுங்க. இப்ப கைல இருக்குறது, இது எங்க பத்தப்போகுதுன்னு நினைக்கிற அளவு இருக்கும், அதுதான் சரியான அளவு.

அந்த கொஞ்சத்த நூல் மேல தூவின மாதிரி வெச்சு, கட்ட விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வெச்சு ஒரே பக்கமா உருட்டுங்க. விரல எடுங்க, கொஞ்சம் கீழ இறக்குங்க, மறுபடி அதே பக்கமா உருட்டுங்க. நூல்ல தனியா ஒட்டிகிட்டு நிக்கக்கூடாது, நூலோடவே சேந்த கயிறு மாதிரி ஆகணும். வால் பக்கம் வர்ற நுனி நூல் கலர் வெளிய தெரியுற அளவுக்கு ஒல்லியா, பீட் பக்கம் போக போக லேசா தடிப்பா. நிம்ஃப் உடம்பு கேரட் மாதிரி, பின்னாடி ஒல்லி முன்னாடி தடி. முதல் சுத்து சுத்தும்போது முடி சறுக்குதுன்னா நிறைய போட்டுட்டீங்க, பிச்சு எடுத்துட்டு மறுபடி போடுங்க, சறுக்குற முடிக்கு மேல இன்னும் முடி போட்டு சமாளிக்கவே பாக்காதீங்க, நான் ஒரு வருஷம் அப்படித்தான் கட்டினேன், எல்லாம் எலி செத்த மாதிரி இருந்துச்சு.

தண்டுல முக்காலுக்கு கொஞ்சம் கம்மியா வர்ற வரைக்கும் சுத்திட்டு நிறுத்துங்க. இப்ப செம்பு கம்பிய எடுத்து நாலஞ்சு சுத்து, இடைவெளி விட்டு, முடி சுத்தின திசைக்கு எதிர் திசைல. ஒரே திசைல சுத்தினா செம்பு கம்பி, முடிக்குள்ள முங்கி காணாம போயிரும், எதிர் திசைல சுத்தினா குறுக்கால விழுந்து முடிய அமுக்கி புடிச்சுக்கும், ட்ரௌட் பல்லுல பட்டாலும் பிரியாது. கம்பி மிச்சத்த கத்திரில வெட்டாதீங்க, கத்திரி வாய் போயிரும், ஆட்டி ஆட்டி ஒடிங்க. இந்த கம்பி விஷயத்துல ஃபிராங்க் சாயர்னு ஒரு ஆள் இருந்தாரு, இங்கிலாந்துல ஏவன் ஆத்துக்கு காவல்காரரு, அவரு ஃபெசன்ட்ங்குற பறவையோட வால் எறகுல கட்டுற தன்னோட ஃபெசன்ட் டெயில் நிம்ஃப நூலே இல்லாம வெறும் செம்பு கம்பிலயே கட்டினாரு, கட்டுறதும் அதே, கனமும் அதே. நான் முயற்சி பண்ணேன், முடிய வெச்சு அது எனக்கு வரல, கம்பில மெழுகு நிக்கல.

அடுத்து முதுகு ஓடு. வான்கோழி எறகுல ஒரு பட்டை வெட்டி கட்டுவாங்க, அது இல்லன்னா கருப்பு குப்பை பைல ரெண்டு மூணு மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு கீத்து வெட்டினா போதும், ட்ரௌட்டுக்கு பை எந்த கடைதுன்னு தெரியாது. அத உடம்பு முடிஞ்ச இடத்துல, பின் பக்கம் பாத்து நீட்டிகிட்டு இருக்குற மாதிரி கட்டி விடுங்க.

நெஞ்சுக்கு முடி முரட்டுத்தனமா இருக்கணும், காதுல இருந்து எடுத்த குட்ட கம்பி முடி நிறைய. இது விரல்ல உருட்டினா நிக்காது. அதனால நூல ஒரு பத்து சென்டிமீட்டர் கீழ இழுத்து, ஊசில மாட்டி திரும்ப மேல கொண்டு வந்து கட்டி ஒரு கண்ணி போடுங்க. கண்ணியோட ரெண்டு நூலுக்கும் நடுவுல முடிய குறுக்கால சொருகி, பரப்பி விட்டு, கீழ ஒரு கொக்கியோ பேப்பர் கிளிப்போ மாட்டி சுத்தி விடுங்க. பம்பரம் மாதிரி சுத்தும், ரெண்டு நூலும் முறுக்கி முடி நாலாபுறமும் குத்திகிட்டு போத்தல் கழுவுற பிரஷ் மாதிரி ஆயிரும். அத பீடுக்கு பின்னாடி மூணு சுத்து, ஒவ்வொரு சுத்துக்கும் முடிய பின்னாடி தடவி விட்டுகிட்டே. அப்புறம் முதுகு ஓட்ட முன்னாடி மடிச்சு இழுத்து பீட் ஓரத்துல கட்டி மிச்சத்த வெட்டுங்க. மயில் எறகு இருந்தா நெஞ்சுக்கு முடிக்கு பதிலா அதோட இழை மூணு சுத்தினாலும் அருமையா இருக்கும், தைப்பூசத்துக்கு தண்ணீர்மலைக்கு போயிட்டு வந்த காவடில இருந்து உதிர்ந்தத நான் எடுத்து வெச்சிருந்தேன், அம்மா பாத்துட்டு முருகன் வாகனத்த மீன் புடிக்கிறதுக்கா எடுக்குறன்னு திட்டி புடுங்கி சாமி ரூம்ல வெச்சுட்டாங்க.

முடிச்சு. விப் ஃபினிஷ் டூல் இருந்தா ரெண்டு தடவ போடுங்க. இல்லன்னா லிட்டில் இந்தியாவுல பூக்கடைல போய் பத்து நிமிஷம் நில்லுங்க, அந்த அக்காங்க மல்லிகைய வெச்சு நூல விரல்ல சுத்தி கண்ணி போட்டு இறுக்குவாங்க பாருங்க, அதே முடிச்சு மூணு தடவ போட்டா அவிழாது. நூல வெட்டிட்டு வார்னிஷ் ஒரு பொட்டு ஊசி முனைல எடுத்து வைங்க, நெகப்பூச்சு கூட ஓகே, முடில படாம பாத்துக்குங்க, பட்டா முடி விறைச்சு போயி இவ்வளவு நேரம் பட்ட பாடு வீண்.

கடைசியா ஒரு ஐஸ்கிரீம் குச்சில செருப்பு வெல்க்ரோ துண்டு ஒண்ணு ஒட்டி, அதோட கொக்கி பக்கத்தால ஃபிளையோட ரெண்டு பக்கத்தையும் வயித்தையும் சுரண்டி விடுங்க. நல்லா இருக்குறத ஏன் கெடுக்கணும்னு தோணும், கெடுங்க. முதுகு பக்கம் மட்டும் விட்டுடுங்க. கிளாஸ்ல தண்ணி ஊத்தி நூல்ல கட்டி இறக்கி பாருங்க, வெளிய கண்றாவியா இருந்தது தண்ணிக்குள்ள இறங்கினதும் உசுரு வந்த மாதிரி அசையும், அசையலன்னா முடி அதிகமா போச்சு, இன்னும் சுரண்டுங்க. அப்புறமும் நம்பிக்கை வரலன்னா செபராங் பிறை பக்கம் ஏதாவது குளத்துல திலாப்பியாகிட்ட குடுத்து பாருங்க, அதுக்கு ட்ரௌட் ஃபிளைன்னெல்லாம் தெரியாது, தின்னும்.

பாதுகாக்குறதுதான் நம்ம ஊருல பெரிய தலைவலி. முள்ளு துருப்பிடிக்கும், முடில அந்து பூச்சி விழும். புதுசா வாங்குன தோல், எறகு எதுவா இருந்தாலும் ஜிப் பைல போட்டு ஒரு வாரம் ஃபிரீசர்ல வெச்சு எடுத்துட்டுத்தான் மத்த சாமானோட சேக்கணும், வீட்டுல கேட்டா மீன் இரைன்னு சொல்லிடுங்க, முயல் மூஞ்சின்னு சொல்லாதீங்க. டப்பால சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்க, மருந்து போத்தல்ல வர்றதையே சேத்து வெச்சா போதும்.

நியூசிலாந்து போறவங்களுக்கு மட்டும் ஒண்ணு. முடி, எறகு, கட்டின ஃபிளை, ஏற்கனவே தண்ணில இறங்கின பூட்ஸ், எல்லாத்தையும் நாட்டுக்குள்ள நுழையுறப்ப குடுக்குற டிக்ளரேஷன்ல எழுதிடுங்க. எழுதினா பாத்துட்டு பெரும்பாலும் குடுத்துடுவாங்க, மறைச்சா அங்கயே ஃபைன். பூட்ஸ் கழுவி எலும்பு காயுற மாதிரி காஞ்சிருக்கணும், அடில கம்பளி ஒட்டின பூட்ஸ் அங்க ஆத்துல இறங்கவே கூடாது, பாசி பரவுதுன்னு தடை. தௌப்போ பக்கத்துக்கு லைசென்சும் தனி, மத்த இடத்து லைசென்ஸ் அங்க செல்லாது. எங்கிட்ட அந்த ஆபீசர் அம்மா பெட்டிய தொறந்து சாம்பல் கலர் நிம்ஃப் ஒண்ண தூக்கி புடிச்சு என்ன முடின்னு கேட்டாங்க. பூனைன்னேன். காட்டுப்பூனையான்னாங்க. இல்ல, வீட்டுல சோபாவுல தூங்குறதுன்னு போன்ல போட்டோ காட்டுனேன். கொஞ்ச நேரம் போட்டோவ பாத்தாங்க, ஃபிளைய பாத்தாங்க, பெட்டிய மூடி குடுத்துட்டாங்க.